கல்லூரி பேஸ்பால் வீடியோ கேம்: இருபது வருடம் ஆகியும் ஏன் விட முடியவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த கேமைப் பற்றிப் பேசுகிறோம்?

இஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட ‘எம்விபி 06: என்சிஏஏ பேஸ்பால்’, அதன் தம்பியான ‘எம்விபி 07: என்சிஏஏ பேஸ்பால்’. முதலாவது 2006 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் வந்தது. இரண்டாவது 2007 பிப்ரவரியில், பிளேஸ்டேஷன் 2-ல் மட்டும். என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு. இந்த இரண்டோடு அந்த வரிசை நின்றுவிட்டது.

நான் டெக்சாஸில் மேற்படிப்பு படித்த நாட்களில் அறைத்தோழனின் பிளேஸ்டேஷனில் முதலில் விளையாடியது 06-ஐத்தான். அப்போது பிடித்தது இன்னும் விடவில்லை. தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

தொழில்முறை பேஸ்பால் இருக்கும்போது இஏ ஏன் கல்லூரிக்குப் போனது?

போக வேண்டிய கட்டாயம். 2004 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் உரிமையை இஏ தனக்கு மட்டுமே என்று வாங்கிக்கொண்டது. அதுவரை கால்பந்தில் இஏவுக்குக் கடும் போட்டி கொடுத்துவந்த டேக்-டூ நிறுவனத்துக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், டேக்-டூ தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலோடு ஒப்பந்தம் போட்டது: 2006 முதல் 2012 வரை வெளி நிறுவனங்களில் தன்னைத் தவிர யாரும் மேஜர் லீக் கேம் செய்ய முடியாது. கேம் கருவி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் சோனியின் பேஸ்பால் கேம் தப்பியது.

இஏவின் நிலையை யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம், 2005 பிப்ரவரியில், அதன் ‘எம்விபி பேஸ்பால் 2005’ வந்தது. பேஸ்பால் கேம்களிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் பலர் சொல்வார்கள். கணினிப் பதிப்பை ரசிகர்கள் இன்னும் புது அணிகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு நல்ல கேமை உருவாக்கிய கை தயாராக இருக்கிறது, ஆனால் போட்டுக்கொள்ள ஒரு ஜெர்சி இல்லை. கல்லூரி ஜெர்சிகள் மட்டும் யாரிடமும் போகாமல் இருந்தன.

அந்த நெருக்கடி இல்லாமல் இருந்திருந்தால் இந்த கேம் பிறந்தே இருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இது புரியுமா?

புரியும். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். மட்டையை வீசித் தவறவிட்டாலோ, சரியான எல்லைக்குள் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், பிட்சர் (பந்து வீசுபவர்) நான்கு முறை வைடு மாதிரி அந்த எல்லைக்கு வெளியே போட்டால் பேட்டர் சும்மா நடந்தே முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய முதல் இடம்) போகலாம். மூன்று அவுட் விழுந்தால் அடுத்த அணி பேட் பிடிக்கும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ்.

நம்மைக் குழப்புவது ஒரே விஷயம்தான். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் முன்னே, பின்னே, சுற்றிலும் எங்கு வேண்டுமானாலும் அடிக்கலாம். இங்கே முன்னால் இருக்கும் தொண்ணூறு டிகிரிக்குள் அடித்தால்தான் கணக்கு. லேட் கட் ஆடிப் பழகிய கைக்கு முதல் இரண்டு நாள் கடுப்பாக இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

அப்படி என்ன ஈர்ப்பு? மேஜர் லீக்கை விடத் திறமை குறைந்த ஆட்டம்தானே?

திறமை குறைவுதான். அதனால் ஈர்ப்பு குறைந்துவிடவில்லை.

தொழில்முறை கேமில் நீங்கள் ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டலாம். ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம், பணம் கொட்டி இன்னொருவரை வாங்கலாம். கல்லூரியில் யாரையும் வைத்துக்கொள்ள முடியாது. மொத்தமே நான்கு வருடம்தான். நிஜத்தில் அதுவும் முழுசாகக் கிடைக்காது. நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டை முடித்ததும், அல்லது 21 வயது ஆனதும், மேஜர் லீக் அணிகள் அவரைத் தேர்ந்தெடுக்கலாம். யார் மிக நன்றாக ஆடுகிறாரோ அவர்தான் முதலில் போவார். பயிற்சியாளராக நீங்கள் எவ்வளவு நன்றாக வளர்க்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் இழப்பீர்கள்.

இந்த கேமில் ‘டைனஸ்டி’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு கல்லூரியின் பயிற்சியாளராக ஆண்டுக்கணக்கில் அணியை நடத்துவது. பள்ளி மாணவர்களில் யாரைச் சேர்ப்பது, யாருக்காகக் காத்திருப்பது, யாரை விட்டுக்கொடுப்பது என்று சீசன் முழுக்க ஒரு கண் அடுத்த வருடத்தின் மேலேயே இருக்கும். முதல் வருடம் ஒரு பையன் வருவான், பந்தைத் தொடக்கூடத் தெரியாது. எட்டாவது இடத்தில் பேட் செய்ய வைப்பீர்கள். இரண்டாம் வருடம் கொஞ்சம் தேறுவான். மூன்றாம் வருடம் அவன் இறங்கினாலே நீங்கள் சோபாவில் நிமிர்ந்து உட்காருவீர்கள். அடுத்த சீசன் பட்டியலைத் திறந்தால் அவன் இருக்க மாட்டான்.

என் அணியில் 17-ஆம் எண் போட்ட ஒரு இடதுகை பிட்சர் இருந்தான். வேகம் கிடையாது, வளைவு மட்டும்தான். மூன்று சீசன் அவனோடு வாழ்ந்தேன். அவன் போன பிறகு அந்த எண் ஜெர்சியை வேறொருவன் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது மனசு ஒப்பவில்லை. பெயர்கூட இல்லாத ஒரு கணினி உருவத்துக்கு இப்படி வருத்தப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கல்லூரி விளையாட்டை நேரில் பின்தொடர்கிறவர்களும் இதையே சொல்வார்கள். அவர்கள் பாசம் வைப்பது ஆளின் மேல் இல்லை, ஊரின் மேல். ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஜெர்சியின் நிறமும் மைதானமும் அப்படியே இருக்கும். நான் படித்த ஊரில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாணவர் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போய் உட்காருவேன். பக்கத்தில் எழுபது வயதுத் தாத்தா ஒருவர் ஸ்கோர் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பார். களத்தில் ஆடும் பையன்களில் பாதிப் பேரை இரண்டு வருடம் கழித்து அங்கே பார்க்க முடியாது, அவரைப் பார்க்கலாம். கேமில் டைனஸ்டி ஆடும்போது நான் அந்தத் தாத்தாவின் இடத்தில் இருப்பதாகவே தோன்றும்.

மட்டை வீசுவதில் என்ன புதுமை என்கிறார்கள்?

அதற்கு முன்பு வந்த கேம்களில் பந்து வரும்போது பட்டனை அமுக்கினால் மட்டை சுழலும். 06-ல் ‘லோட் அண்ட் ஃபயர்’ என்று ஒரு முறை வந்தது. வலது பக்க அனலாக் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் பேட்டர் எடையைப் பின்காலுக்கு மாற்றித் தயாராவார். முன்னால் தள்ளினால் வீசுவார். இழுக்கும் நேரம், தள்ளும் நேரம் இரண்டும் பொருந்த வேண்டும். சீக்கிரம் இழுத்துவிட்டால் அடியில் வலு இருக்காது, தாமதித்தால் பந்து போய்விடும்.

இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறேன் என்றால், நிஜ பேட்டரின் சிக்கல் இதேதான். பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு அந்தத் தூரம் அரை நொடிகூட ஆகாது. பந்தைப் பார்த்த பிறகு தயாராகலாம் என்று நினைத்தால் முடிந்தது. பிட்சரின் கை பின்னால் போகும்போதே உங்கள் கையும் போக வேண்டும். அவருடைய தாளத்தில் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். மெதுவான பந்து ஒன்று வந்தால், ஏற்கெனவே இழுத்த ஸ்டிக்கைத் தள்ளாமல் காத்திருக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, கட்டைவிரல் துடிக்கும். பட்டன் அமுக்கும் கேமில் இது கிடைக்கவே கிடைக்காது.

முதல் ஐந்தாறு ஆட்டங்களில் தொடர்ந்து ஸ்ட்ரைக் அவுட் ஆவீர்கள். விட்டுவிடாதீர்கள்.

அடிக்கும்போது ‘டிங்’ என்று ஒரு உலோகச் சத்தம் வருகிறதே?

அலுமினிய மட்டை. மேஜர் லீக்கில் மரம்தான், கல்லூரியில் 1974 முதல் அலுமினியத்துக்கு அனுமதி உண்டு. மர மட்டை அடிக்கடி உடையும், வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆனால் உள்ளே வெற்றாக இருக்கும் உலோகக் குழாய் பந்து பட்டதும் லேசாக அமுங்கித் திரும்ப எழும்பும், பந்தை உதைத்துத் தள்ளும். அதனால் ரன் மழை. 1998 கல்லூரி இறுதிப் போட்டியில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் அரிசோனா ஸ்டேட்டை 21-14 என்று வென்றது. கிரிக்கெட் கண்ணுக்கு அது சின்ன எண்ணாகத் தெரியலாம், பேஸ்பாலில் ஒரு பக்கம் ஐந்து ரன் எடுத்தாலே நல்ல நாள்.

பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2011 முதல் ‘பிபிகோர்’ என்ற அளவுகோலின்படி, மரத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகத் துள்ளும் மட்டைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆக 06, 07 இரண்டும் அந்தப் பழைய, காரமான மட்டைகளின் காலத்தவை. அதில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் முன்னிலை இருந்தாலும் நிம்மதியாக மூச்சு விட முடியாது.

எல்லோரும் ‘ஒமாஹா, ஒமாஹா’ என்கிறார்களே, அது என்ன?

நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் நகரம். கல்லூரி உலகத் தொடர் 1947-ல் வேறு ஊரில் தொடங்கினாலும் 1950-லிருந்து அங்கேதான் நடக்கிறது. பேஸ்பால் ஆடும் ஒவ்வொரு கல்லூரி மாணவனுக்கும் ஒமாஹா போவது என்றால் வாழ்க்கை நிறைந்த மாதிரி.

போகும் வழியும் அழகு. 64 அணிகள், நான்கு நான்காக 16 ஊர்களில் மோதும். இரண்டு முறை தோற்றால் வீட்டுக்கு. ஒவ்வோர் ஊரிலும் ஜெயித்தவர்கள் இருவர் இருவராக மூன்று ஆட்டத் தொடர் ஆட வேண்டும். மிஞ்சும் எட்டு அணிகள் ஒமாஹா போகும். அங்கே மறுபடியும் இரண்டு தோல்வி விதி, கடைசியில் இருவருக்கு மூன்று ஆட்ட இறுதி.

இந்த ‘ஒரு தோல்விக்கு மன்னிப்பு உண்டு’ என்ற விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 06 வெளியான அதே 2006-ல் ஒரிகன் ஸ்டேட் ஒமாஹாவில் முதல் ஆட்டத்திலேயே மயாமியிடம் 11-1 என்று நசுங்கியது. குளிர் மாநிலத்து அணி, அவ்வளவுதான் என்று பலரும் நினைத்திருப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாக ஜெயித்து இறுதிக்கு வந்தது. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்திலும் வட கரோலினாவிடம் தோற்று, அடுத்த இரண்டையும் வென்று கோப்பையைத் தூக்கியது. 2007-லும் அவர்களேதான்! பிறகு 2008-ல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட், தன் நான்கு அணிப் பிரிவிலேயே கடைசி இடம் கொடுக்கப்பட்ட அணி, சாம்பியன் ஆனது. டைனஸ்டியில் ஊர் பேர் தெரியாத அணியை எடுத்து ஒமாஹா வரை கொண்டுபோகலாம் என்று கனவு காண்பது வெறும் கற்பனை இல்லை.

கேமில் அந்தத் தொடர் நடக்கும் இடம் ரோசன்பிளாட் ஸ்டேடியம். 1948-ல் திறந்த மைதானம், பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. 2010-ல் அங்கே கடைசியாகத் தொடர் நடந்தது. தெற்கு கரோலினாவின் விட் மெரிஃபீல்ட் பதினோராவது இன்னிங்ஸில் அடித்த ஒரு அடியோடு, லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை 2-1 என்று வென்று முடித்தார்கள். 2011 முதல் நகரின் மையத்தில் புது மைதானம். ரோசன்பிளாட்டை இடித்துவிட்டார்கள். மிருகக்காட்சி சாலையின் வாகன நிறுத்தப் பகுதியில் பழைய மைதானத்தின் நினைவாகச் சின்னதாக ஒரு களத்தை மட்டும் அமைத்திருக்கிறார்கள்.

இப்போது டிஸ்க்கைப் போட்டால் ரோசன்பிளாட் அப்படியே எழுந்து நிற்கிறது. நேரில் போக எனக்கு வாய்க்காத இடம். கேமில் அதன் எல்லைச் சுவருக்கு மேல் பந்தை எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன்.

வீரர்களுக்குப் பெயரே இல்லையே?

கல்லூரி வீரர்கள் தொழில்முறையாளர்கள் இல்லை, தங்கள் பெயரையோ உருவத்தையோ வைத்துப் பணம் சம்பாதிக்கக் கூடாது என்பது என்சிஏஏவின் அன்றைய விதி. அதனால் கேமில் வெறும் எண்ணும் ஆடும் இடமும். பலரும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்து மெமரி கார்டில் சேமித்து வைத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு அநியாயம் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த கேமைப் புகழ எனக்கு விருப்பம் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கும் என்சிஏஏவுக்கும் உரிமைத்தொகை போயிற்று. மைதானத்தில் ஓடிய பையனுக்கு ஒன்றும் இல்லை. கூடைப்பந்து கேம் ஒன்றில் தன்னைப் போலவே ஓர் உருவத்தைப் பார்த்த முன்னாள் யுசிஎல்ஏ வீரர் எட் ஓ’பானன் 2009-ல் வழக்குத் தொடர்ந்தார். 2013-ல் இஏவும் உரிமங்களை விற்ற நிறுவனமும் 4 கோடி டாலருக்கு வீரர்களோடு சமரசம் செய்துகொண்டன. அந்த வருடத்தோடு கல்லூரி கால்பந்து கேமும் நின்றது. 2021 ஜூலையில்தான் மாணவ வீரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. 2024-ல் ‘காலேஜ் ஃபுட்பால் 25’ திரும்பி வந்தபோது, சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள்.

06 நல்லதா, 07 நல்லதா?

எனக்கு 06. 07-ல் பந்து வீசுவதையும் அனலாக் ஸ்டிக்குக்கு மாற்றினார்கள், ‘ராக் அண்ட் ஃபயர்’ என்று பெயர். பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி வீச வேண்டும். பிட்சிங் பிடித்தவர்களுக்கு 07 இன்னும் பொருத்தம். எனக்கு, திரையில் ஓடும் அளவுகோலைப் பார்த்துப் பட்டனை அமுக்கி வீசும் 06-இன் மீட்டர் முறை கைக்குப் பழகிவிட்டது.

இன்னொரு கல்லூரி பேஸ்பால் கேம் வருமா?

கால்பந்து வந்துவிட்டது. கூடைப்பந்தும் வரும் என்று இஏ சொல்லியிருக்கிறது. அவை முந்திக்கொண்டதற்குக் காரணம் கண்கூடு: அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் இருக்கும் பணமும் கூட்டமும் பேஸ்பாலுக்கு இல்லை. தெற்கு மாநிலங்களில் இதற்கு வெறித்தனமான ரசிகர்கள் உண்டு, நாடு முழுக்க அப்படி இல்லை. ஆனால் சட்டச் சிக்கல் என்ற பெரிய முட்டுக்கட்டை விலகிவிட்டது. வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

சோனியின் மேஜர் லீக் கேமான ‘எம்எல்பி தி ஷோ’வில் கல்லூரி அணிகள் வந்துவிட்டனவே, அது போதாதா?

2025 மார்ச்சில் வந்த ‘தி ஷோ 25’-ல் எல்எஸ்யூ, டெக்சாஸ், வாண்டர்பில்ட், யுசிஎல்ஏ, டென்னசி உட்பட எட்டுக் கல்லூரிகள் வந்தன. நீங்கள் உருவாக்கும் ஒரு வீரன் பள்ளியிலிருந்து கல்லூரி வழியாக மேஜர் லீக் போகிற கதையில் ஒரு கட்டமாக வருகின்றன. படம், ஒளி, உடல் அசைவு எல்லாம் 06-ஐ விட எங்கோ மேலே. நானும் ரசித்து ஆடினேன்.

ஆனால் அதில் கல்லூரி ஒரு பேருந்து நிறுத்தம் மாதிரி. நீங்கள் கிளம்பிப் போகிறவர். 06-ல் நீங்கள் அங்கேயே இருக்கிறவர், மற்றவர்கள் கிளம்பிப் போகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இன்று எப்படி விளையாடுவது?

டிஜிட்டலாக எங்கும் விற்பனைக்கு இல்லை. பழைய டிஸ்க் வாங்க வேண்டும், வேலை செய்யும் பிளேஸ்டேஷன் 2 ஒன்றும் வேண்டும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டும் அந்த டிஸ்க்கைப் படிக்காது. இந்தியாவிலிருந்து தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இது அமெரிக்கப் பதிப்பு, நம் ஊர்க் கடையில் வாங்கிய கருவியில் மண்டலப் பூட்டு காரணமாக ஓடாமல் போகலாம். மெமரி கார்டு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் டைனஸ்டி ஆட முடியாது. வலது அனலாக் ஸ்டிக் தளர்ந்த பழைய கன்ட்ரோலரை வாங்கிவிடாதீர்கள், இந்த கேமில் உயிரே அந்த ஸ்டிக்கில்தான்.

முதல் முறை ஆடுகிறேன். எந்த அணியை எடுக்கலாம்?

பழகும் வரை டெக்சாஸ் மாதிரி ஒரு பெரிய அணி. 2005-இன் சாம்பியன் அவர்கள்தான். மட்டை கைக்கு வந்ததும் அதை விட்டுவிட்டு, பட்டியலின் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரியில் டைனஸ்டியைத் தொடங்குங்கள்.

கல்லூரி பேஸ்பாலில் முக்கியத் தொடர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் நடக்கும். வெள்ளிக்கிழமை பிட்சர்தான் அணியின் முதல் ஆள். அந்த இடத்துக்கு அனுபவசாலியைப் போடாமல், முதலாம் ஆண்டுப் பையன்களில் ஒருவனைப் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் நிறையத் தோற்பீர்கள். அவன் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.